முக்கோணம் என்றால் ஈரம்

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் இராமச்சந்திரன் நெல் மண்டி எங்கே என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வழி சொல்லும். உள்ளே நுழைந்தவுடன் எடைமேடைக்கு மேலே ஒரு பெரிய டிவி தொங்குகிறது. அதில் படம் ஓடாது, பாட்டு ஓடாது. வரிசையாக, அவரவர் கொண்டுவந்த மூட்டைகளுக்கான லாட் நம்பர், ஊர்ப் பெயர், பக்கத்தில் ஒரு முக்கோணமோ வட்டமோ கட்டமோ இருக்கும். முக்கோணம் என்றால் நெல் ஈரமாக இருக்கிறது, களத்தில் இன்னும் காயவேண்டும். வட்டம் என்றால் எடைக்கு வரலாம். கட்டம் என்றால் எடை முடிந்தது, வண்டியைக் கிளப்பலாம். பனமலையிலிருந்து டிராக்டரில் மூட்டையோடு வருகிற கைநாட்டுப் பெரியவர்கூட யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணாந்து பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்.

இதைச் செய்தவர் சென்னையிலிருந்து கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வந்த ஆசாமி என்று நினைத்தால் ஏமாந்துதான் போவீர்கள். செய்தது தொண்டூர் கோதண்டராமன். வயது நாற்பத்து நாலு. படிப்பு பத்தாம் வகுப்பு. பதினாறு வருஷமாக அந்த மண்டியில் நெல்லின் ஈரம் பார்த்து அட்டை கட்டுகிற வேலை. இதையெல்லாம்விட முக்கியமான விஷயம், அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும். பிறந்ததிலிருந்தே அப்படி.

சின்ன வயதில் மிளகாய்ச் செடியில் பழம் பறிக்க விட்டபோது காயும் பழமுமாகக் கூடையை நிரப்பிக்கொண்டு வந்தார். அவருடைய நைனா கோவிந்தசாமி முதுகில் நாலு வைத்தார். "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது" என்று கேட்டார். அடி வாங்கியவருக்குத் தான் செய்த தப்பு என்னவென்றே விளங்கவில்லை. இருபத்திரண்டு வயதில் பஸ் டிரைவர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு விழுப்புரத்தில் கண் பரிசோதனைக்குப் போனபோதுதான் விளங்கியது. புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, இதில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டார் டாக்டர். "நம்பரா? எங்க சார்?" என்றார் கோதண்டராமன். அதோடு முடிந்தது டிரைவர் கனவு.

வீட்டுக்கு வந்து, உயரம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டார். ஐந்தடி ஒன்பது அங்குலம் இருக்கிற மனுஷன் உயரம் பத்தவில்லை என்று சொன்னதை நம்பினார்களே, அந்த வீட்டுக்காரர்களை என்னவென்று சொல்வது. அன்றிலிருந்து அவர் அந்த விஷயத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. சிக்னலில் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்ப்பார். கட்சிக் கொடியைச் சின்னத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். மனைவி வளர்மதி எந்தச் சேலை கட்டினாலும், "நல்லா இருக்குது" என்பார். வளர்மதிக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று அவர் கேட்டதில்லை, அந்த அம்மாவும் சொன்னதில்லை. ஆனால் கல்யாணமான மறு வருஷத்திலிருந்து மிளகாய் பறிக்க அவரைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். மண்டியில் ஈர நெல் மூட்டைக்குச் சிவப்பு அட்டை, காய்ந்த நெல் மூட்டைக்குப் பச்சை அட்டை. கட்ட வேண்டியவர் இவர். ஈரம் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாலு நெல்லை எடுத்துக் கடைவாயில் போட்டு ஒரு கடி கடிப்பார். "பதினேழு" என்பார். மெஷினில் போட்டுப் பார்த்தால் பதினேழு புள்ளி இரண்டு காட்டும். அட்டைக்கு மட்டும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். காலையில் அட்டைக் கட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை, "இது செவப்பு, இது பச்ச" என்று சொல்லித்தான் நீட்டுவார். சிவப்பு சட்டையின் வலது பாக்கெட்டில் போகும், பச்சை இடது பாக்கெட்டில் போகும். அதற்குப் பிறகு கண் எதற்கு, கை போதும். பதினாறு வருஷத்தில் ஒரு மூட்டை தப்பியதில்லை.

போன ஐப்பசியில் முதலாளி இராமச்சந்திரன் அவரைக் கூப்பிட்டார். "எல்லா மண்டியிலயும் கம்ப்யூட்டர் வந்துடுச்சி, கோதண்டம். நாமளும் ஒரு போர்டு வெப்போம். வெளி ஆளக் கூட்டியாந்தா அவன் சொல்றது நமக்குப் புரியாது, நாம சொல்றது அவனுக்குப் புரியாது. நீ போயி கத்துக்கினு வா" என்றார். காந்தி பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சாயந்திர வகுப்பு. காலேஜ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பூங்குழலி என்ற பெண், அவர்களோடு கடைசி பெஞ்சில் கோதண்டராமன். சொல்லிக்கொடுத்தவர் மஞ்சு. இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

முதல் பத்து நாள் எண்களைக் கூட்டுவதும் பெருக்குவதுமாகப் போயிற்று. கோதண்டராமன் தடுமாறவில்லை. பதினோராம் நாள் மஞ்சு, "இன்னிக்குப் படம் வரையப் போறோம். கலர் கலரா" என்றார். கோதண்டராமன் மாடிப்படி எந்தப் பக்கம் என்று ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்த்துக்கொண்டார்.

பயிற்சி ரொம்பச் சாதாரணம். திரையில் ஒரு கட்டம் போட வேண்டும். அதற்குள் ஒரு நிறத்தை நிரப்ப வேண்டும். அதன் மேல் இன்னொரு நிறத்தில் தன் பெயரை எழுத வேண்டும். எல்லாமே கட்டளை. கட்டம் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று ஒரு வரி, என்ன நிறம் என்று ஒரு வரி, என்ன எழுத்து என்று ஒரு வரி. நிறத்தின் பெயரை ஆங்கிலத்தில் டைப் அடித்தால் போதும், கம்ப்யூட்டர் அதுவே பூசிக்கொள்ளும். இதைக் கேட்டதும் கோதண்டராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெயரைத்தானே அடிக்கப்போகிறோம், அதற்குக் கண் எதற்கு? இத்தனை நாள் வாயால் சொல்லப் பயந்த இரண்டு நிறத்தையும் இன்றைக்கு அடித்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டார். கட்டத்துக்குச் சிவப்பு. எழுத்துக்குப் பச்சை. ஓட விட்டார்.

கட்டம் வந்தது. பெயர் வரவில்லை.

எங்கேயோ தப்பு என்று வரி வரியாகப் படித்தார். தப்பு இல்லை. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். கட்டம் மட்டும் வந்தது. பெயருக்கு ஆகாத நேரமோ என்று மனைவி பெயரை அடித்தார். அதுவும் வரவில்லை. பதினோரு தடவை அடித்தார். மற்றவர்கள் வட்டம், முக்கோணம், சூரியன், வீடு என்று எங்கேயோ போய்விட்டார்கள்.

மஞ்சு பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா அண்ணா, அடுத்ததுக்குப் போவலியா?"

"பேரு வரமாட்டேங்குது டீச்சர். வெறுங் கட்டந்தான் வருது."

பக்கத்து நாற்காலியிலிருந்து பூங்குழலி எட்டிப் பார்த்தாள். "வந்துருக்குதே அண்ணா. கோதண்டராமன்னு. பச்சையா பளிச்சுனு இருக்குது."

கோதண்டராமன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். மஞ்சு திரையைப் பார்த்தார், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. மஞ்சுவின் கெட்டிக்காரத்தனத்தை இந்த இடத்தில் மெச்சாமல் இருக்க முடியாது. ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. "பூங்குழலி, நீ உன் முக்கோணத்தப் பாரு" என்று அனுப்பிவிட்டு, எழுத்தின் நிறத்தை மட்டும் வெள்ளையாக மாற்றினார்.

"இப்போ?"

"இப்போ தெரியுது" என்றார் கோதண்டராமன்.

"எத்தினி வருசமா இப்படி?"

"பொறந்ததுலருந்து. யாராண்டயும் சொல்லாதீங்க டீச்சர். பொண்ணு இருக்குது, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்."

மஞ்சு தலையை ஆட்டினார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்கு மட்டும் ஒரு பாடம் எடுத்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று எண் உண்டு. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று. பூச்சியத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை போகும். சுத்தச் சிவப்பு என்றால் 255, 0, 0. காவி என்றால் 255, 153, 51. உலகத்தில் இருக்கிற எந்த நிறத்தையும் இப்படி மூன்று எண்ணில் பிடித்துவிடலாம். "கண்ண கேக்காதீங்க அண்ணா. நம்பர கேளுங்க. அது எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

அதைக் கேட்டு அந்த மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நிறத்தின் பெயரும் எண்ணுமாக எழுதி நிரப்பினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் மனப்பாடம், டிவிஎஸ் வண்டியில் மண்டிக்குப் போகும்போதும் மனப்பாடம். தக்காளி 255, 99, 71. ஒரு நாள் வளர்மதியைப் பார்த்து, கட்டியிருக்கிற சேலை என்ன நிறம் என்று வாய்விட்டுக் கேட்டார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. வளர்மதி, "மெரூன்" என்றார். "நூத்தி இருவத்தெட்டு, சைபர், சைபர்" என்றார் இவர். அந்த அம்மா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

இந்தச் சந்தோஷத்தில்தான் தை பிறந்தது. பொங்கலுக்கு முதலாளி எல்லோருக்கும் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார். மண்டியின் பெயரைப் பின்னிய சட்டை. நல்ல துணிதான். ஆனால் அதற்கு ஒரே ஒரு பாக்கெட்.

முதலாளி கொடுத்த சட்டையைப் போடாமல் இருக்க முடியுமா? காணும் பொங்கலுக்கு மறுநாள் அறுவடை நெல் மலை மாதிரி வந்து குவிந்தது. அவலூர்பேட்டை வரை டிராக்டர் நின்றது என்று சொன்னால் மிகை, ஆனால் சாலையில் பஸ் போக வழியில்லை. கோதண்டராமன் இரண்டு அட்டைக் கட்டையும் சின்னப்பொண்ணுவிடம் கொடுத்து வைத்தார். சின்னப்பொண்ணு மண்டியில் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளுகிறவர், மூட்டை வாயைத் தைக்கிறவர். முப்பத்தெட்டு வயது, புருஷன் இல்லை, வேலையில் சுறுசுறுப்பு. "காஞ்சதுன்னா பச்ச குடு, ஈரம்னா செவப்பு குடு" என்றார். காலை முழுக்க அவர் சொன்னபடி சின்னப்பொண்ணுவும் ஒரு தப்பில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

பதினொரு மணிக்குச் சின்னப்பொண்ணு தண்ணீர் குடிக்கப் போனார். போகும்போது இரண்டு கட்டையும் எடைமேடை ஓரத்தில் அருகருகே வைத்துவிட்டுப் போனார். ஏழு லாட் காத்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரர்கள் கத்துகிறார்கள். பக்கத்தில் நின்ற எவனையாவது, இதில் எது பச்சை என்று ஒரு வாய் கேட்டிருந்தால் தீர்ந்தது. கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்காத வாய் அன்றைக்கு எப்படிக் கேட்கும்? குத்துமதிப்பாக ஒரு கட்டைப் பச்சை என்றும் மற்றதைச் சிவப்பு என்றும் எடுத்துக்கொண்டார். ஏழு லாட்டுக்கும் மாற்றிக் கட்டினார்.

மூன்றாம் நாள் கிடங்கைத் திறந்தால் சூடு முகத்தில் அடித்தது. ஈர மூட்டைகள் காய்ந்த மூட்டைகளோடு அடுக்கில் போய், நெல் புழுங்கி வாடை வீசியது. காய்ந்த நெல் கொண்டுவந்தவர்களோ இரண்டு நாளாகக் களத்தில் காத்துக் கிடந்துவிட்டு ஆத்திரத்தில் குதித்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் முதலாளி சின்னப்பொண்ணுவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அட்ட யாரு வெச்சினு இருந்தது?"

"நாந்தான் மொதலாளி. ஆனா நான் சரியாத்தான் எடுத்துக் குடுத்தேன். அந்த ஏழு வண்டிக்கு நான் குடுக்கவே இல்ல. கோதண்டம் அண்ணன கேளுங்க."

எல்லோரும் கோதண்டராமனைப் பார்த்தார்கள். சின்னப்பொண்ணுவும் பார்த்தார், அண்ணன் சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கையோடு.

"நான் கவனிக்கலிங்க" என்றார் கோதண்டராமன்.

இரண்டே சொல். அவரை எவ்வளவு மெச்சினாலும் இதை மட்டும் மறைத்துச் சொல்வது நியாயமில்லை, அதனால் சொல்லியாகிறது. முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத கழுதை என்று சின்னப்பொண்ணுவைத்தான் திட்டினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சின்னப்பொண்ணு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

அதற்குப் பிறகு கோதண்டராமனுக்குச் சோறு இறங்கவில்லை. சரி, இனிமேல் இப்படி ஒரு தப்பு யாருக்கும் நடக்காதபடி போர்டைச் செய்து முடித்துவிட்டால் பாவம் தீர்ந்துவிடும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். தினமும் சாயந்திரம் மாடி வகுப்பில் கடைசி ஆளாக எழுந்தார். மஞ்சுதான் கேட்டார், "ஈரம் செவப்பு, காஞ்சது பச்ச. அவ்ளோதானே அண்ணா, எதுக்கு முக்கோணம், வட்டம்லாம்?"

"கலரு எனக்கு ஆவாது டீச்சர். எழுத்து வெச்சா பாதிப் பேரு படிக்கமாட்டாங்க. முக்கோணம்னா யாருக்குந் தெரியும்ல?"

மஞ்சு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாலு வருஷம் காலேஜில் படித்த தனக்கு இது தோன்றவில்லையே என்று அப்புறம் பூங்குழலியிடம் சொன்னாராம். நிறத்தையும் கோதண்டராமன் விடவில்லை. நிறம் தெரிகிறவர்கள் நிறத்தைப் பார்க்கட்டும் என்று முக்கோணத்துக்குச் சிவப்பு, வட்டத்துக்குப் பச்சை, கட்டத்துக்கு நீலம் எண் போட்டே பூசினார். மேலே வெள்ளை எழுத்தில் லாட் நம்பர். ஈர லாட் காய்ந்துவிட்டால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், முக்கோணத்தின் மேல் ஒரு கறுப்புச் சதுரம் வந்து மூடும், அதன் மேல் வட்டம் வரும்.

அந்த இடத்தில்தான் மஞ்சு ஒரு விஷயம் சொன்னார். "நீங்க வரைஞ்சத அழிக்கல அண்ணா. மேல ஒண்ணு வரைஞ்சு மூடுறீங்க. கீழ இருக்கறது அப்படியேதான் இருக்குது." கம்ப்யூட்டர் நிரலைப் பற்றித்தான் சொன்னார், வேறு ஒன்றும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கோதண்டராமனுக்குச் சுருக்கென்றது. போர்டு வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது, அன்றைக்கு அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சின்னப்பொண்ணுவுக்கு மண்டிச் சம்பளம் இல்லாமல் போன பதினெட்டாவது நாள் என்று சொல்வதைவிட, பழிச்சொல்லோடு அவர் ஊரில் நடமாடிய பதினெட்டாவது நாள் என்று சொல்வதே பொருத்தம். கோதண்டராமன் வண்டியை எடுத்துக்கொண்டு அவலூர்பேட்டை சாலையில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போனார். சின்னப்பொண்ணு களை எடுத்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கோதண்டராமன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கண்ணைப் பற்றிச் சொன்னார், பாக்கெட்டைப் பற்றிச் சொன்னார், அந்த ஏழு லாட்டைப் பற்றிச் சொன்னார். வளர்மதியிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததை அந்த வாசலில் சொன்னார்.

சின்னப்பொண்ணு கேட்டு முடித்துவிட்டு, செம்பைக் கீழே வைத்தார்.

"கண்ணு தெரியலங்கறது உங்க தப்பு இல்ல அண்ணே. நான் உங்கள பாத்தனே, அப்போ வாயி இருந்துச்சில்ல?"

கோதண்டராமன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடைக்குப் போனா, மாத்தி அட்ட குடுத்தவ வர்றாடான்னு சொல்றாங்க. எம் பசங்களே, உனக்குக் கலரு தெரியாதாம்மான்னு கேக்குதுங்க. என்னாண்ட தனியா வந்து சொல்லி இன்னா ஆவுது? எந்த ஜனத்து முன்னால மொதலாளி என்னைத் திட்டினாரோ, அந்த ஜனத்து முன்னால சொல்லுங்க."

"நாளைக்குப் போர்டு வெக்கறோம். எல்லாரும் இருப்பாங்க. நீ வா" என்றார் கோதண்டராமன்.

"நான் எதுக்கு வரணும்" என்றார் சின்னப்பொண்ணு. ஆனால் திங்கட்கிழமை காலையில் மண்டி கேட்டுக்கு வெளியே, புங்கமரத்துப் பக்கம் வந்து நின்றார்.

டிவிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். கோதண்டராமன் பொத்தானை அமுக்கினார். கறுப்புத் திரையில் வரிசையாக நம்பரும் ஊரும் விழுந்தன. பக்கத்தில் முக்கோணமும் வட்டமும் கட்டமும் ஒவ்வொன்றாக எழுந்தன. தொண்டூர் ஆட்கள், பனமலை ஆட்கள், சுமை தூக்குகிறவர்கள் என்று இருநூறு பேர் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "நம்மளுது முக்கோணம்டா, இன்னும் காயணுமாம், தார்ப்பாயப் பிரி" என்று தன் மகனை விரட்டினார். யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சால்வையைக் கொண்டுவரச் சொல்லி, கைதட்டலுக்கு நடுவே கோதண்டராமனின் தோளில் போர்த்தினார்.

அந்தக் கைதட்டலோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஊரே மெச்சியிருக்கும். கோதண்டராமன் சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மொதலாளி, ஒண்ணு சொல்லணும். எனக்குச் செவப்பும் பச்சையும் பிரிச்சித் தெரியாது. பொறவியிலருந்தே. அன்னிக்கு ஏழு லாட்டுக்கும் அட்டய மாத்திக் கட்டினது நானு. சின்னப்பொண்ணு அந்த எடத்துலயே இல்ல. நீங்க கேட்டப்போ கவனிக்கலன்னு பொய் சொல்லிட்டேன்."

முதலாளி முகம் எப்படிப் போயிற்று என்று சொல்லத் தேவையில்லை. "இத்தினி வருசமா ஏமாத்தினியா? தெரியாதுன்னா எப்படிக் கட்டின?" என்றவர், நம்பாமல் அந்தச் சால்வையைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். "இது இன்னா கலரு சொல்லு."

இது ஒரு வியாதி நம் ஜனங்களுக்கு. நிறம் தெரியாது என்று ஒருவன் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் போதும், உடனே எதையாவது தூக்கிக்கொண்டு வந்து, இது என்ன நிறம், இது என்ன நிறம் என்று கேட்பார்கள். ஒருவன் துண்டை நீட்டினான். ஒருவன் தண்ணீர் பாட்டில் மூடியைக் காட்டினான். கோதண்டராமன் ஒருவர் மேலும் எரிந்து விழவில்லை. கேட்டவனுக்கெல்லாம், "தெரியாதுங்க" என்றார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவர் குரல் தெளிந்துகொண்டே வந்தது. அந்த ஒரு சொல்லை அவர் வாய் இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறது. அன்றைக்கு அவர் செய்த போர்டைவிட இது பெரிய காரியம் என்று அங்கே நின்ற பல பேர் பிற்பாடு சொன்னார்கள். உண்மைதான்.

சின்னப்பொண்ணு கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார். "தெரியாதுன்னு சொல்லிட்டாருல்ல, எத்தினி வாட்டி கேப்பீங்க?" என்று துண்டு நீட்டியவனை அதட்டினார். அவன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி விடு சின்னப்பொண்ணு. நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்றார்.

"வேலைக்கு வரது இருக்கட்டும் மொதலாளி. அன்னிக்கு என்ன திட்டினப்போ எல்லாரும் கேட்டாங்க. இப்போ அந்த டிவிப் பொட்டில எழுதச் சொல்லுங்க. சின்னப்பொண்ணு மேல தப்பு இல்லன்னு எழுதணும்."

முதலாளி கோதண்டராமனைப் பார்த்துத் தலையை அசைத்தார். அசைக்காமல் வேறென்ன செய்ய முடியும், இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோதண்டராமன் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார். "இன்னா கலருல வேணும்?" என்று கேட்டார். அவர் யாரிடமும் கேட்டுப் பழகாத கேள்வி.

"ரோஸு" என்றார் சின்னப்பொண்ணு, யோசிக்காமல்.

நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 255, 105, 180 என்று அடித்தார். வரியை அடித்து முடித்து ஓட விட்டார். கறுப்புத் திரையின் உச்சியில், லாட் நம்பர்களுக்கு மேலே, ‘சின்னப்பொண்ணு மேல் தப்பு இல்லை’ என்று விழுந்தது. அவர் கண்ணுக்கு அது ஏதோ சாம்பல் மாதிரி ஒன்று. மற்றவர்களுக்கு ரோஸ்.

சின்னப்பொண்ணுவுக்குத் தன் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டத் தெரியும். அதைக் கண்டுபிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற அவலூர்பேட்டைக்காரர் ஒருவரை முழுசாகப் படிக்கச் சொன்னார். அவர் சத்தமாகப் படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தார்.

"இன்னும் பெருசா போடுங்க அண்ணே" என்றார் சின்னப்பொண்ணு.

கோதண்டராமன் எழுத்தின் அளவை முப்பதிலிருந்து தொண்ணூறு ஆக்கினார். எழுத்து திரையை அடைத்துக்கொண்டது, லாட் நம்பர் எல்லாம் கீழே தள்ளப்பட்டுத் திரைக்கு வெளியே போய்விட்டது. என் முறை எப்போது, என் முறை எப்போது என்று வருஷமெல்லாம் சண்டை போடுகிற அந்தக் களத்தில், மத்தியானம் வரைக்கும் ஒருவரும் தன் நம்பரைக் கேட்கவில்லை.